ஹால் சுவருக்குக் கௌபாய் படங்கள்: திருப்பி அனுப்பியது ஒன்று, மாட்டியது மூன்று

படத்திலிருந்த மாட்டுக்குக் குளம்பு பிளந்திருக்கவில்லை.

பார்சலைப் பிரித்து, கேன்வாஸை டைனிங் டேபிள்மேல் சாய்த்து வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தபோது என் கண் முதலில் போய் நின்றது அங்கேதான். மூன்று மாடு, ஒரு குதிரை, தொப்பி போட்ட ஒரு கௌபாய், பின்னால் செக்கச்செவேலென்று சாயங்கால வானம். முன்னால் நின்ற மாட்டின் இரண்டு முன்னங்காலிலும் குதிரைக்கு இருப்பதுபோல ஒற்றைக் குளம்பு. குதிரையின் கடிவாள வார் வாயிலிருந்து புறப்பட்டுக் கழுத்துவரை வந்து காணாமல் போகிறது. அந்த மனிதரின் கைக்கு வந்து சேரவே இல்லை. மாட்டின் நிழல் ஒரு பக்கம், குதிரையின் நிழல் வேறொரு பக்கம். யாரும் எங்கேயும் போய் எடுத்த படம் இல்லை அது, கம்ப்யூட்டரில் பிறந்த படம். விற்பனைப் பக்கத்தில் ‘ஃபைன் ஆர்ட் போட்டோகிராபி’ என்றுதான் போட்டிருந்தார்கள். 36-க்கு 24 அங்குலம், விலை 3,499 ரூபாய். கேன்வாஸை இழுத்துக் கட்டியிருந்த மரச்சட்டம் ஒரு மூலையில் முறுக்கிக்கொண்டிருந்தது. சுவரில் வைத்தால் அந்த மூலை ஒரு விரற்கடை தூக்கி நின்றது.

நான் கால்நடை மருத்துவர். 33 வருடம் அரசுப் பணி. உசிலம்பட்டி, செக்கானூரணி, மேலூர், வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றியேதான் வேலை பார்த்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் கன்று இழுத்துப்போட்ட கை இது. மாட்டின் காலைத் தப்பாகப் போட்ட படத்தை என் வீட்டு ஹாலில் மாட்டி, அதற்கு எதிரே உட்கார்ந்து காபி குடிக்க என்னால் முடியாது. திருப்பி அனுப்பினேன். பணம் வந்து சேரப் பதினேழு நாள் ஆயிற்று. நான்கு தடவை போன் செய்ய வேண்டியிருந்தது, கூரியர் செலவு என்று 350 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கம்பெனியைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு நான் தேடிப் பிடித்த வழி நன்றாக அமைந்தது. மாடு, குதிரை, மேய்ச்சல் என்று வீட்டுச் சுவருக்குப் படம் தேடுகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காக அதை முழுதாக எழுதுகிறேன்.

கௌபாய் படம் ஏன் என்று வீட்டிலேயே கேட்டார்கள். மகள் டல்லாஸில் இருக்கிறாள். 2023இல் மூன்று மாதம் அங்கே இருந்தேன். பக்கத்திலேயே ஃபோர்ட் வொர்த் ஊர். அங்கே ஸ்டாக்யார்ட்ஸ் என்ற பழைய மாட்டுச் சந்தைப் பகுதியில் தினமும் இரண்டு வேளை நீண்ட கொம்பு மாடுகளைத் தெருவில் நடத்திக் கூட்டிப்போகிறார்கள். அது சுற்றுலாக்காரர்களுக்காக நடப்பதுதான். ஆனாலும் அந்த மாடுகளின் நடை நிஜ நடை. அதே ஊரில் ஆமன் கார்ட்டர் அருங்காட்சியகம் இருக்கிறது, அனுமதி இலவசம். எர்வின் ஸ்மித் என்பவர் எடுத்த படங்களின் சேகரிப்பு அங்கேதான் இருக்கிறது. 1886இல் டெக்சாஸில் பிறந்தவர். சிற்பியாக வேண்டும் என்று ஆசைப்பட்டு சிகாகோவிலும் பாஸ்டனிலும் படித்தவர். குதிரையும் மாடும் ஆளும் அசையும் விதத்தைச் சிலைக்காகப் பிடித்துவைக்கத்தான் கேமராவைத் தூக்கிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போனார். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எடுத்த படங்கள் அவை. பண்ணை ஆட்களோடு சேர்ந்து தானும் மாட்டு வேலை செய்தவர் என்பது படத்தைப் பார்த்தாலே தெரியும். எந்த நொடியில் கயிறு விறைக்கும், எந்த நொடியில் கன்று திரும்பும் என்று அறிந்த ஆள் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு எடுத்திருக்கிறார்.

அந்தப் படங்களுக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு நம்ம ஊர்க் கிடைமாடுதான் நினைவுக்கு வந்தது. அறுவடை முடிந்த வயலில் ராத்திரி நூறு, இருநூறு மாட்டைக் கிடை போட்டு, சாணிக்கும் மூத்திரத்துக்கும் சம்சாரியிடம் கூலி வாங்கிக்கொண்டு, அடுத்த வயல், அடுத்த ஊர் என்று நகர்ந்துகொண்டே இருக்கிறவர்கள் அவர்கள். புலிக்குளம் மாடு பெரும்பாலும் அவர்கள் கையில்தான் வளர்ந்தது. ஜல்லிக்கட்டு வாடிவாசலில் பார்க்கிற காளைக்குத் தாய் இருப்பது கிடையில். அந்தப் புழுதியும் அந்த வேலையும் என் வீட்டுச் சுவரில் இருக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் திருப்பாலையில் புது வீடு. ஹாலில் சோபாவுக்குப் பின்னால் பதினோரு அடி வெள்ளைச் சுவர். இன்டீரியர் செய்த பெண் நல்ல பிள்ளை. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அமெரிக்காவில் இப்போது வேலை செய்யும் புகைப்படக்காரர்களின் லிமிடெட் எடிஷன் படங்களை எடுத்துக் காட்டினாள். இத்தனை பிரதிதான் அச்சிடுவோம் என்று எண் போட்டு, கையெழுத்துப் போட்டு, சான்றிதழோடு அனுப்புகிறார்கள். அவற்றில் மிக நல்ல வேலையும் இருந்தது. விடியற்காலைப் பனிமூட்டத்தில் குதிரைகள் ஓடும் ஒரு படத்தை நான் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் நடுத்தர அளவு ஒன்றின் விலை லட்சத்தைத் தாண்டியது, அனுப்பும் செலவும் சுங்க வரியும் தனி. ஓய்வூதியக்காரிக்கு அது கட்டாது. விலையை விட்டுவிட்டுப் பார்த்தாலும் எனக்கு ஒரு குறை இருந்தது. அலங்காரத்துக்கென்று விற்கும் படங்களில் பாதிக்கு மேல் ஆள் சும்மா நிற்கிறார். தொப்பி, முதுகு, வேலிக்கட்டை, பின்னால் ஒளி. சிகரெட் விளம்பரம் பல வருடம் பழக்கிவிட்ட உருவம் அது. அந்த மார்ல்பரோ விளம்பரப் படங்களையே திரும்பப் படம்பிடித்த ரிச்சர்ட் பிரின்ஸ் என்ற அமெரிக்கக் கலைஞரின் படம் ஒன்று 2005இல் ஏலத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் போயிருக்கிறது. கலை உலகத்தில் அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். எனக்குத் தேவைப்பட்டது மாட்டில் கை வைத்திருக்கும் ஆள்.

மாட்டுப் படத்தை நான் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இது படம் வாங்கும் யாருக்கும் உதவும். முதலில் காலைப் பாருங்கள், நான்கு காலிலும் எடை சரியாக இறங்கியிருக்கிறதா என்று. அடுத்தது காது. தெரியாத ஆள் கிட்டே வந்தால் மாட்டின் காது அந்தப் பக்கம் திரும்பும். ஓட்டுபவருக்கும் மாட்டுக்கும் பழக்கம் இருந்தால் காது தளர்ந்திருக்கும். மூன்றாவது, இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம். அது குழி விழுந்திருந்தால் மாடு மேய்ந்து வெகுநேரம் ஆயிற்று, நடை தூரம் என்று அர்த்தம். சும்மா படம் எடுப்பதற்காக நிறுத்திய மாடு வயிறு நிறைந்து மினுமினுவென்று நிற்கும். கடைசியாகக் கயிறு. கயிறு பொய் சொல்லாது. இழுவை இருக்கிற கயிற்றையும் சும்மா பிடித்திருக்கிற கயிற்றையும் சின்னப் பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லிவிடும்.

இப்போதைய டெக்சாஸ் பண்ணைப் படம் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்கலாம். வெள்ளை மூஞ்சி ஹெர்ஃபோர்டு என்ற ஐரோப்பிய மாட்டுக்குப் பக்கத்திலேயே திமிலும் அலைதாடியும் நீண்ட காதுமாக ஒரு மாடு நிற்கும். அது பிராமன். நம் ஓங்கோல், கிர், காங்கிரேஜ் ரத்தம். வெயிலும் உண்ணியும் தாங்காத ஐரோப்பிய மாடுகளை வைத்துக்கொண்டு திணறிய தெற்கு மாநிலத்துக்காரர்கள் இந்தியாவின் திமில் மாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்துத்தான் பிழைத்தார்கள். 1924இல் அதற்கென்று தனிச் சங்கமே வைத்துவிட்டார்கள். உண்ணி என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: டெக்சாஸ் மாட்டை வடக்கே ஓட்டிக்கொண்டு போன இடமெல்லாம் உள்ளூர் மாடு காய்ச்சல் கண்டு செத்தது, ஓட்டி வந்த மாட்டுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. காரணம் உண்ணி என்று தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1893இல் நிரூபித்தார்கள். உண்ணி, பூச்சி போன்றவை வழியாக நோய் பரவும் என்று முதன்முதலில் உறுதி செய்த ஆய்வுகளில் அது ஒன்று. எங்கள் கல்லூரிப் பாடத்தில் முதல் வருடமே வரும். அந்தக் காய்ச்சலுக்குப் பயந்து கேன்சஸ் மாநிலம் எல்லை போட்டுத் தடுத்தது. 1874இல் கிளிடன் என்பவர் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார், திறந்த புல்வெளி வேலிக்குள் போயிற்று. ஆயிரம் மைல் மாடு ஓட்டிய காலம் ஒரு தலைமுறைக்குள் முடிந்தது. நம் பக்கம் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தபிறகு மலைமாட்டுக்காரர்கள் மேய்ச்சலுக்கு எங்கே போவது என்று நிற்பதைப் பார்த்தவள் நான். அதனால்தான் இந்தப் பழைய படங்கள் எனக்கு வெறும் அலங்காரமாகத் தெரியவில்லை.

சரி, படம் எங்கே கிடைத்தது என்பதற்கு வருகிறேன். வாஷிங்டனில் இருக்கும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தன் சேகரிப்பில் இருக்கும் பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. உரிமைக் கட்டுப்பாடு இல்லாத படங்களைப் பெரிய டிஃப் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம், ஒரு பைசா கிடையாது. மகள் சொல்லித்தந்தாள். இரண்டு வாரம் சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து பார்த்தேன். மூன்று பேரின் படங்களைப் பொறுக்கினேன்.

முதலாவது ஜான் கிராபில். டகோட்டா பகுதியில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். 1887க்கும் 1892க்கும் நடுவில் 188 படங்களைப் பதிப்புரிமைக்காக அந்த நூலகத்துக்கு அனுப்பினார், அப்படித்தான் அவை நமக்கு மிஞ்சின. பெல் ஃபூர்ஷ் ஆற்றுப் பக்கம் மாடு சேர்க்கும் காட்சி, 1887. அந்த வருடத்தை நான் கவனித்துத்தான் எடுத்தேன். அதற்கு முந்திய குளிர்காலத்தில், 1886 கடைசியிலிருந்து 1887 தொடக்கம்வரை, வடக்குச் சமவெளிகளில் பனியில் லட்சக்கணக்கான மாடுகள் செத்தன. வைக்கோல் சேர்த்து வைக்கும் பழக்கம் அவர்களில் பெரும்பாலோருக்கு அப்போது இல்லை. அந்தச் சாவுக்குப் பிறகு மிச்சம் இருந்ததை எண்ணிச் சேர்த்த வருடம் அது. 2017 வறட்சியில் வைக்கோல் கட்டு கிடைக்காமல் மாட்டை அடிமாட்டு விலைக்கு ஏற்றிவிட்டு, வண்டி போன பிறகும் ரோட்டிலேயே நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஹாலின் பெரிய சுவர் இந்தப் படத்துக்குத்தான்.

இரண்டாவது ரஸ்ஸல் லீ எடுத்தது. 1939 மே மாதம், டெக்சாஸில் ஸ்பர் என்ற ஊர்ப் பக்கம். அமெரிக்க அரசாங்கமே சம்பளம் கொடுத்துக் கிராமப்புற வாழ்க்கையைப் படமெடுக்க ஆட்களை அனுப்பிய காலம். சமையல் வண்டிக்குப் பக்கத்தில் மாட்டுக்காரர்கள் தரையில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். சக் வேகன் என்று அந்த வண்டிக்குப் பெயர். சார்லஸ் குட்நைட் என்ற பண்ணைக்காரர் 1866இல் பழைய ராணுவ வண்டி ஒன்றின் பின்பக்கம் அலமாரி அடித்து உருவாக்கியது. கௌபாய் படம் என்றால் யாரும் சாப்பாட்டுக் காட்சியைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். டைனிங் டேபிளுக்கு எதிர்ச் சுவரில் இதைவிடப் பொருத்தமான படம் எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது ஆர்தர் ராத்ஸ்டீன், அதே 1939, மொன்டானாவில் குவார்ட்டர் சர்க்கிள் யூ என்ற பண்ணை. கன்றுக்குச் சுருக்கு வீசிப் பிடிக்கும் காட்சி. கயிறு விறைத்து நிற்கிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. டெக்சாஸ்காரர்கள் கயிற்றின் மறுமுனையைச் சேணத்தின் முன்னால் இருக்கும் கொம்பில் இறுகக் கட்டிவிட்டே வீசுவார்கள். மேற்கே கலிபோர்னியாப் பக்கப் பழக்கம் வேறு; சுருக்கு விழுந்த பிறகு கொம்பில் கயிற்றைச் சுற்றுவார்கள். ஒரு நொடி பிசகினால் கட்டைவிரல் நடுவில் மாட்டிக்கொண்டு போய்விடும், அப்படி விரல் இழந்தவர்கள் பலர். இந்த வித்தை முழுக்க வாகேரோ என்ற மெக்சிகோ மாட்டுக்காரர்களிடமிருந்து வந்தது. லாஸோ, ராஞ்ச் என்ற சொற்களே ஸ்பானிஷ்தான். அலங்காரப் படம் விற்கும் இடங்களில் அந்த மெக்சிகோக்காரர்கள் முகமோ கறுப்பின மாட்டுக்காரர்கள் முகமோ தேடினாலும் கிடைப்பது அரிது. மாடு ஓட்டியவர்களில் நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். எர்வின் ஸ்மித் பான்ஹம் ஊரில் அவர்களைக் குதிரைமேல் வைத்து எடுத்த படங்கள் இருக்கின்றன. என் மாடிப்படிச் சுவர் இன்னும் காலி, அங்கே அப்படி ஒன்றை வைக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கன்றுக்குச் சூடு போடும் படங்களும் நிறைய இருந்தன. தொழிலில் அது உண்டு, நம் ஊரிலும் சூட்டுக்கோல் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வருகிற குழந்தைகளின் கண் உயரத்தில் அதை மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

அச்சுக்கு கே.கே. நகர்ப் பக்கம் இருக்கும் ஒரு டிஜிட்டல் லேபுக்குப் போனேன். கல்யாண ஆல்பம் அவர்களின் முக்கிய வேலை. பளபளா பேப்பர் வேண்டாம், பருத்திக் கூழில் செய்த மேட் பேப்பர், சதுர மீட்டருக்கு 308 கிராம் எடை, நிறமி மை என்று கேட்டேன். கடையில் இருந்த தம்பி உடனே சரி என்றார். பேப்பரைச் சென்னையிலிருந்து வரவழைக்க ஐந்து நாள் கேட்டார். இங்கே ஒரு தகராறு. அவர்கள் கணக்கில் இருப்பது 20க்கு 30, 24க்கு 36 என்ற நிலையான அளவுகள். கிராபில் படம் அந்த விகிதத்தில் அடங்காது. “ரெண்டு சைடும் லேசா கட் பண்ணிக்கலாம் மேடம், தெரியாது” என்றார். அந்த லேசான ஓரத்தில்தான் மந்தையை விட்டுத் தள்ளிப்போகும் மாடு இருந்தது. நீளம் 30 அங்குலம், உயரம் படத்தின் கணக்குக்கு எவ்வளவு வருகிறதோ அவ்வளவு என்று எழுதியே கொடுத்தேன். நீங்களும் அப்படியே கேளுங்கள். சட்டத்தைப் படத்துக்குச் செய்யலாம், படத்தைச் சட்டத்துக்கு வெட்டக் கூடாது.

கோப்பின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 30 அங்குலத்துக்கு 9,000 புள்ளி வேண்டும். தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 200 புள்ளி போதும், அதாவது 6,000. ராத்ஸ்டீன் படம் பெரிதாக்கினால் மணல்மணலாகத் தெரிந்தது, அதனால் அதை 20 அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டேன். பெரிய அச்சுக்கு முன்னால் மூன்று படத்தையும் ஏ-4 அளவில் சோதனை அச்சு எடுத்தோம். நல்லவேளை எடுத்தோம். லேப் தம்பி பழக்கத்தில் கறுப்பைக் கூட்டிவிட்டிருந்தார். தொப்பி நிழலுக்குள் இருந்த முகங்கள் எல்லாம் கரியாகப் போயிருந்தன. கல்யாணப் படத்தில் அது எடுப்பாக இருக்கும்; இந்தப் படங்களின் உயிரே அந்த நிழலுக்குள் இருக்கும் கண்தான். சொன்னதும் மறுக்காமல் உட்கார்ந்து திருத்தினார். இரண்டாவது சோதனை அச்சில் கண் தெரிந்தது. அந்தப் பொறுமைக்காகவே அந்த லேபுக்கு மறுபடி போவேன்.

சட்டம் போட்டது காஜிமார் தெருப் பக்கம் ஒரு சந்தில். பெயர்ப்பலகை வெளிறி எழுத்தே தெரியாத கடை. உள்ளே சுவர் முழுக்க மீனாட்சி கல்யாணம், அழகர், மதீனா, வேளாங்கண்ணி மாதா எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் அப்பா காலத்துக் கடை. படச்சுருளைப் பிரித்ததும் கையைத் துண்டில் துடைத்துவிட்டுத்தான் பேப்பரைத் தொட்டார். ஓரத்தைத் தடவிப் பார்த்து, “இது துணி மாதிரில இருக்கு. இத ஒட்டக் கூடாதும்மா” என்றார். நான் சொல்ல நினைத்துப் போனதை அவரே சொன்னார். சாதாரணமாகப் படத்தைப் பலகையில் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். ஐந்தாறு வருடத்தில் ஈரம் இறங்கிக் குமிழ் விடும், பிறகு பிரிக்கவே முடியாது. இவர் மேல்விளிம்பில் மட்டும் இரண்டு காகிதக் கீல் வைத்துத் தொங்கவிட்டார். அதன்மேல் மூன்று அங்குல அகலத்தில் அமிலம் இல்லாத மவுண்ட் அட்டை. அதனால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் காற்று இருக்கும், மழைக்காலத்தில் படம் கண்ணாடியில் ஒட்டாது. பழைய தேக்குக் கதவுச் சட்டத்திலிருந்து அறுத்த பட்டை, மெழுகு மட்டும் போட்டது, வார்னிஷ் இல்லை. பின்பக்கம் பூச்சி புகாமல் முழுக்க டேப். கீழ் மூலை இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டி, சட்டம் சுவரைத் தொடாமல் அரை விரற்கடை தள்ளி நிற்கும்படி செய்தார். ஐப்பசி அடைமழையில் சுவர் ஓதம் ஏறும் நம் ஊருக்கு இது அவசியம். இந்தத் தக்கையை எந்தப் பெரிய கடையிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை தருவதாகச் சொன்னது பதிமூன்று நாள் தள்ளித்தான் கைக்கு வந்தது. சித்திரைத் திருவிழா நடுவில் வந்துவிட்டது. அந்த நாட்களில் அந்தப் பக்கம் வண்டி போகாது, கடையிலோ சாமி பட ஆர்டர் குவிந்து கிடக்கும். முன்கூட்டியே அதைச் சொல்லியிருந்தால் நான் இரண்டு முறை வெயிலில் அலைந்திருக்க மாட்டேன். மதுரையில் சட்டம் போடக் கொடுப்பவர்கள் பங்குனிக்குள் வாங்கிவிடுங்கள், அல்லது அழகர் மலை ஏறிய பிறகு கொடுங்கள்.

மாட்டும்போது ஒரு விஷயம். நம் வீடுகளில் படத்தை வாசற்கால் உயரத்துக்கு மேலே ஏற்றி, முன்பக்கம் சாய்த்து மாட்டுவது வழக்கம். சாமி படத்தை அண்ணாந்து கும்பிட வேண்டும், அதற்கு அது சரி. வேலை செய்கிற ஆளின் படத்துக்கு நேருக்கு நேர் நிற்க வேண்டும். படத்தின் நடு தரையிலிருந்து ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே வருகிற மாதிரி மாட்டினோம். மூன்று மணிக்கு மேல் மேற்கு ஜன்னல் வெயில் விழும் சுவரை விட்டுவிட்டோம். எவ்வளவு நல்ல மையானாலும் மதுரை வெயில் தின்றுவிடும். வெள்ளைச் சுவர், தேக்கு, பழுப்பேறிய கறுப்பு வெள்ளை, கீழே ஆத்தங்குடிக் கல் தரை. இந்தச் சேர்க்கை இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

செலவு: சோதனை அச்சு எல்லாம் சேர்த்து 1,080. பெரிய அச்சு 3,100, மற்ற இரண்டும் தலா 2,050. பெரிய படத்துக்குச் சட்டம் 4,200, மற்ற இரண்டுக்கும் தலா 2,900. ஆக மொத்தம் 18,280 ரூபாய். திருப்பி அனுப்பிய கேன்வாஸைப்போல ஐந்து வாங்கியிருக்கலாம் என்று என் தம்பி கணக்குச் சொன்னான். வாங்கியிருக்கலாம்.

ஆவணியில் சிவகங்கைப் பக்கத்திலிருந்து கிடை போடும் அண்ணன் ஒருவர் பேத்தி காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். இருபது வருடப் பழக்கம். கோமாரி வந்த வருடம் அவர் கிடையில் இரண்டு நாள் தங்கி வைத்தியம் பார்த்திருக்கிறேன். டைனிங் டேபிளுக்கு எதிரே நின்றவர் நகரவில்லை.

“என்ன டாக்டரம்மா, கெடையில கஞ்சி குடிக்கிற படமா?”

“அமெரிக்காண்ணே. எம்பது வருசத்துக்கு மேல ஆச்சு.”

“வண்டி எதுக்கு?”

“அதுதான் அடுப்படி. மாடு எங்க போகுதோ கூடவே போகும். சமைக்கிறதுக்குன்னே ஒரு ஆளு.”

“சமைக்கத் தனியா ஆளா?” என்று வெகுநேரம் அந்த வண்டியையே பார்த்தார். அவர் கிடையில் மாட்டைப் படுக்கவைத்த பிறகுதான் ஆள் அடுப்பு மூட்டுவார்; ராத்திரி ஒன்பது, பத்து ஆகிவிடும். பிறகு ராத்ஸ்டீன் படத்துக்கு நகர்ந்தார். “கயித்த எதுல கட்டியிருக்கான்?” என்று கேட்டார். சேணத்தில் ஒரு கொம்பு இருக்கும், அதில் என்றேன். குனிந்தார், பக்கவாட்டில் போனார், மறுபடி நேரே வந்தார். டியூப்லைட் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்து சரியாக அந்த இடத்தைத்தான் மறைத்தது. தோள் துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்துத் தலைக்கு மேலே பிடித்து, நிழல் கட்டிக்கொண்டு பார்த்தார்.

“ஆமா, இருக்கு. குதிர பின்னால சாஞ்சு நிக்கிது பாருங்க. அது தெரிஞ்ச குதிர.”

அவர் போன மறுநாள் பாய் கடைக்குப் போன் செய்தேன். வெளிச்சம் அடிக்காத கண்ணாடி அந்த ஒரு படத்துக்கு மட்டும் மாற்ற 1,900 ரூபாய் ஆகும் என்றார். தீபாவளி ஆர்டர் சேருவதற்குள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை கழற்றிக்கொண்டு போகிறேன்.